பதினொரு தையல்

பஸ்லியாவுக்கு முதலில் வலிப்பது குதிக்கால். பிறகு அது கெண்டைக்கால் வழியே ஏறி இடுப்புக்குப் பின்னால் நாரியில் வந்து குந்திக்கொள்ளும். கனடாவின் ஸ்காபுறோவில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிற டொக்டருக்கு அது புதினமில்லை. ஆனால் சூடானிலிருந்து திரும்பிய இந்த இரண்டு மாதமாக, நித்திரை கொண்டு எழும்பினாலும் அந்த வலி விட்டுப்போவதில்லை. மூட்டை சுமந்தவனின் உடம்பு மாதிரி, படுத்தாலும் குத்தியது, எழும்பினாலும் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்து, கார் தரிப்பிடத்திலேயே இருக்கையைச் சாய்த்து ஒரு மணித்தியாலம் கண்ணை மூடினாள். நித்திரை மயக்கத்தில் கார் ஓடிக் கொண்டுபோய் இடித்தவர்களுக்கு அவளே எத்தனையோ தரம் தையல் போட்டிருக்கிறாள். கண் விழித்தபோது போனில், சூடானில் அவளோடு வேலை செய்த தாதி ஹலீமாவின் செய்தி வந்து கிடந்தது. ஹலீமா எப்போதும் சுருக்கமாகத்தான் எழுதுவாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவு, அங்கே இணையம் கிடைக்கிற நேரமும் அவ்வளவு.

'டொக்டர், நாளைக் காலை எட்டு மணிக்குக் கூட்டம். உங்கள் கடிதம் வரவில்லை. கடிதம் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை.'

இது நாலாவது செய்தி. முதல் மூன்றுக்கும் பஸ்லியா ஒரே பதிலைத்தான் போட்டிருந்தாள்: 'எழுதுகிறேன்.'

அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே இரவு இரண்டு மணி. இன்னும் பதினேழு மணித்தியாலம் கையில் இருந்தது. கடிதம் எழுதப் பத்து நிமிசம் போதும். அந்தப் பத்து நிமிசத்தைத்தான் மூன்று கிழமையாக அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மோர்னிங்சைட்டுக்குக் காரை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை உம்மா வீட்டுச் சாப்பாடு. போகாவிட்டால் உம்மா போன் எடுப்பாள், போனால் சாப்பிடச் சொல்வாள். இரண்டில் சாப்பிடுவது லேசு.

வாசலிலேயே இறைச்சிக் கறி வாசமும் சீமெந்துத் தூசி வாசமும் கலந்து மூக்கில் அடித்தன. நிலக்கீழ் அறையில் தம்பி ரிம்ஸான் வாஷ்ரூமுக்கு ரைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான். அதுதான் அவன் தொழில். கிழமை நாளில் அஜக்ஸிலும் மார்க்கத்திலும் புது வீடுகளுக்குப் பதிப்பான், ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்குச் சும்மா பதிக்கவேண்டியிருந்தது. வாப்பா மஃரூப் படிக்கட்டின் கடைசிப் படியில் குந்தியிருந்து மேற்பார்வை பார்த்தார்.

"ராத்தா வந்திட்டா," என்றான் ரிம்ஸான், முழங்காலில் நின்றபடியே. "வாங்கோ டொக்டர். இந்தக் கிழவனுக்கு ஒரு நித்திரை ஊசி போட்டுவிடுங்கோ. காசு குடுக்காமல் வேலை வாங்கிற ஒரே கஸ்டமர் இவர்தான். அதுக்குள்ள குறையும் பிடிக்கிறார்."

"கோணல் எண்டால் கோணல் எண்டுதான் சொல்லுவன்," என்றார் வாப்பா. "மூலையைப் பார் மகள். வளைஞ்சு கிடக்குது."

"சுவர் வளைவு வாப்பா. ரைல்ஸ் நேர்தான்."

"சுவர் கதைக்காது எண்டு சுவரில போடுறாய்."

பஸ்லியா சிரித்துவைத்தாள். வாப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. மிசிசாகாவில் விமான நிலையத்தில் இருபத்துநாலு வருசம் பெட்டி ஏற்றி இறக்கியவர். வலது தோள் இப்போது காதுக்கு மேலே உயராது. அந்த இருபத்துநாலு வருசத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது சம்பளமும் ஒரே ஒரு சட்டமும். 'அடுத்த சிஃப்ட்காரனுக்கு மிச்சம் வைக்கிறவன் மனுசனில்லை.' ஓடும் பட்டியில் பத்துப் பெட்டி மிச்சம் வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவன் அந்தப் பத்தையும் தூக்கும்போது உன் உம்மாவை இழுத்துத்தான் ஏசுவான் என்பார். ஆகையால் கடைசிப் பெட்டியையும் ஏற்றிவிட்டுத்தான் கையுறை கழற்ற வேண்டும். இந்தச் சட்டத்தில்தான் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்தன. சாப்பிட்ட கோப்பை கழுவாமல் எழும்ப முடியாது. கணக்கு முடியாமல் படுக்க முடியாது. மருத்துவம் படித்து முடித்த நாளில் வாப்பா அவளுக்குச் சொன்ன வாழ்த்தும் அதுதான்: "எடுத்த வேலையை முடிச்சுப்போட்டு எழும்பு மகள்."

அவள் முடித்துப்போட்டுத்தான் எழும்பினாள். அபக்கரின் காலில்.

சூடானின் மேற்கு எல்லைக்குக் கிட்ட ஒரு சின்னப் பட்டினம். பள்ளிக்கூடம் ஒன்றை வைத்தியசாலை ஆக்கியிருந்தார்கள். வகுப்பறைகள் வார்டுகள், தலைமை ஆசிரியரின் அறை சத்திரசிகிச்சைக் கூடம். கரும்பலகையில் யாரோ எழுதிய பெருக்கல் வாய்பாடு அழியாமல் கிடக்க, அதற்குக் கீழே வயிறு கிழிந்தவர்கள் படுத்திருந்தார்கள். நிவாரண அமைப்பு ஒன்று அவளை ஆறு கிழமைக்கு அங்கே அனுப்பியிருந்தது. ஆறு கிழமையும் சோறும் பருப்பும், அதுவும் ஒரு நேரம். மிச்ச நேரத்துக்கு சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணி. மத்தியானம் தலைக்கு மேலே ட்ரோன் இரையும். இரைச்சல் நின்றால்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், இரையும்வரை பயமில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அபக்கர் நோயாளியாக வந்தவனில்லை. அவன் அந்த வைத்தியசாலையின் கூலியாள். கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பான், ஸ்ட்ரெச்சர் தூக்குவான், இரத்தம் தோய்ந்த தரையைக் கழுவுவான். முப்பது வயது இருக்கும். கெண்டைக்கால் இரண்டும் தேங்காய் மாதிரி. முதல் நாள் பஸ்லியாவின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கியவனும் அவன்தான். அவன் பெட்டியை இறக்கிய விதத்தைப் பார்த்து, "எங்கள் வாப்பா உன்னை வேலைக்கு எடுத்திருப்பார்," என்றாள். ஹலீமா மொழிபெயர்த்தாள். அபக்கர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டான்.

சந்தையில் குண்டு விழுந்த நாள் அவனும் அங்கே தண்ணீர்க் குடத்தோடு நின்றான். ஒரு துண்டு இரும்பு அவன் இடது கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. எலும்புக்குச் சேதமில்லை. பெரிய நரம்பு இரத்தக்குழாய் எதிலும் படவில்லை. அன்றைக்கு வந்த அறுபது பேரில் அவனுடையது நல்ல காயம். சத்திரசிகிச்சை டொக்டர் வயிறுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபடியால், கை கால் காயங்களெல்லாம் பஸ்லியாவுக்கு விழுந்தன.

போர்க் காயத்துக்கு ஒரு முறை இருக்கிறது. ஊரில் கத்தி வெட்டிய காயத்தைப்போல உடனே தைக்கக்கூடாது. இரும்போடு மண்ணும் சாணியும் உடுப்பு நூலும் உள்ளே போயிருக்கும். செத்த சதையை வெட்டி எறிந்து, கழுவு கழுவென்று கழுவி, துணி வைத்து, திறந்தபடியே விடவேண்டும். ஐந்தாம் நாள் திறந்து பார்த்து, சதை சிவப்பாக இருந்தால்தான் தைக்கலாம். பயிற்சியில் இதை அவளுக்குப் பத்துத் தரம் சொல்லியிருந்தார்கள். பத்துத் தரமும் தலையாட்டியிருந்தாள். முதல் ஐந்து கிழமையும் அப்படியே செய்தும் இருந்தாள்.

அபக்கரை முடிக்கும்போது பின்னேரம் ஆறு மணி. ஆறரைக்கு வெளிநாட்டுக்காரரெல்லாம் வாகனத்தில் ஏறித் தங்குமிடத்துக்குப் போய்விட வேண்டும். இருட்டினால் தெருவில் ஒரு வாகனமும் ஓடாது. இரவுக்கு ஹலீமா மட்டும் நிற்பாள், நாற்பத்திரண்டு நோயாளியோடு. பஸ்லியா அந்தக் காயத்தைப் பார்த்தாள். கழுவிக் கழுவி நல்ல துப்புரவாக இருந்தது. இதைத் திறந்துவிட்டுப் போனால் ஹலீமா இரவிரவாகத் துணி மாற்ற வேண்டும், ஐந்தாம் நாள் வேறு யாரோ மறுபடி மயக்க மருந்து கொடுத்துத் தைக்க வேண்டும். மயக்க மருந்தோ முடியப்போகிறது. இன்னும் இருபது நிமிசம் இருந்தது. அடுத்த சிஃப்டுக்கு ஏன் மிச்சம் வைக்கவேண்டும்?

ஊசியைக் கேட்டாள்.

"டொக்டர், திறந்து விடுங்கள்," என்றாள் ஹலீமா.

"துப்புரவாகத்தானே இருக்கிறது."

"துப்புரவாகத்தான் இருக்கும். திறந்து விடுங்கள்."

"உனக்கு இரவு நாற்பத்திரண்டு பேர். நான் முடித்துவிட்டுப் போகிறேன்."

ஹலீமா ஊசியை எடுத்துக் கொடுத்தாள். பதினொரு தையல். வாப்பா பார்த்திருந்தால், 'நேராயிருக்கு மகள்' என்றிருப்பார்.

இரண்டாம் இரவு அந்தக் காலிலிருந்து மணம் வந்தது. ஹலீமா அதை நோயாளியின் தாளில் எழுதிவைத்தாள். டொக்டர் போட்ட தையலை டொக்டரின் உத்தரவில்லாமல் தாதி வெட்டக்கூடாது என்பது அங்கே சட்டம். வானொலிக் கருவியில் தங்குமிடத்தைக் கூப்பிட்டாள், அன்றைக்கு அது இரைந்ததே தவிர ஒருவருக்கும் கேட்கவில்லை. விடியப் பஸ்லியா வந்து காலைத் தொட்டபோது, தோலுக்கு அடியில் அப்பளம் நொறுங்குவது போல நெறுநெறுவென்றது. உள்ளே காற்று கட்டிவிட்டது. அழுகல் மேலேறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு அபக்கரின் கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது.

அறிக்கையைச் சத்திரசிகிச்சை டொக்டர் எழுதினார். மூன்று நாள் நித்திரை இல்லாத மனுசன். 'தொற்று இரவுப் பணியில் உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை' என்று ஒரு வரி. பஸ்லியா அதை வாசித்தாள். இன்னொருதரம் வாசித்தாள். பேனையைத் திறந்து, கீழே தன் பெயருக்கு நேரே கையொப்பமிட்டாள். அதிலிருந்து மூன்றாம் நாள் அவளுக்கு விமானம்.

புறப்படும்போது அபக்கர் படுக்கையிலிருந்தபடி கையைத் தூக்கி, உங்கள் வாப்பாவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள் என்றான். அவன் உயிரைக் காப்பாற்றிய டொக்டர் அவள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். குண்டுதான் காலை எடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"மூஞ்சை காஞ்சு போய்க் கிடக்குது," என்றாள் உம்மா ஸெய்னம்பு மேலே இருந்து எட்டிப்பார்த்து. "கீழ நிண்டு என்ன செய்யிறாய்? வந்து சாப்பிடு. ரிம்ஸான், நீயும் வா. இடியப்பம் ஆறுது."

ரிம்ஸான் கடைசி ரைல்ஸை அழுத்தி, தட்டிப் பார்த்து, எழும்பினான். வாளியில் கையைக் கழுவத் தொடங்கினான்.

"என்ன கழுவுறாய்?" என்றார் வாப்பா. "ரைல்ஸ் இடைவெளி பூசேல்ல?"

"நாளைக்கு."

"நாளைக்கோ? எல்லாம் பதிச்சாச்சு, பவுடர் அந்தா கிடக்குது. கரைச்சுப் பூச அரை மணித்தியாலம். அரைகுறையா விட்டிட்டு எழும்புறாய்."

"வாப்பா, கீழ பசை காயவேணும். ஒரு நாள் திறந்து கிடக்கவேணும். இண்டைக்கே மூடினால் ஈரம் உள்ளுக்க நிண்டு, ரெண்டு மாசத்தில ரைல்ஸ் எல்லாம் ஆடும்."

"நான் இருபத்துநாலு வருசம்…"

"பெட்டி ஏத்தினீங்கள். தெரியும். ரைல்ஸ் பெட்டியில்ல."

வாப்பாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "உன்ர ராத்தாவைப் பார். அவளைக் கேள். வெடி விழுந்த இடத்தில போய் நிண்டு வேலை செய்தவள். ஒரு வேலையை மிச்சம் விட்டிட்டு வந்திருப்பாளோ? பள்ளிவாசலில நான் எல்லாருக்கும் சொன்னனான். நான் எப்பிடி வேலை செய்தனோ அப்பிடித்தான் என்ர மகளும் எண்டு. அங்க அவங்களும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்கள். என்ன மகள்?"

பஸ்லியா படிக்கட்டின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிக்கால் சுள்ளென்றது. இந்தப் பேச்சை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ஆளாவது போன் எடுத்து, உங்கள் வாப்பா சொன்னார் என்று தொடங்கும்.

"தம்பி சொல்றதுதான் சரி," என்றாள்.

"எது?"

"திறந்து விடவேண்டியதை மூடக்கூடாது. நான் மூடினன் வாப்பா. ஒருத்தன்ர காலை. தாதி வேண்டாம் எண்டு சொன்னவ. அடுத்த சிஃப்டுக்கு மிச்சம் வைக்கக்கூடாது எண்டு தைச்சுப்போட்டு வந்தன். மூண்டாம் நாள் காலை வெட்டியெடுத்தாங்கள்."

ரிம்ஸான் கையைத் துடைத்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். மேலே உம்மாவின் காலடிச் சத்தம் நின்றது.

"அதுக்குப் பழி அந்தத் தாதியில விழுந்தது. ஹலீமா எண்டு பேர். ரிப்போர்ட்டில நானும் கையெழுத்து வைச்சிட்டு வந்தன். நாளைக்குக் காலமை அவவை வேலையால நிப்பாட்டப் போறாங்கள். நான் கடிதம் குடுத்தால் நிப்பாட்ட மாட்டாங்கள்."

வாப்பா ரைல்ஸைப் பார்த்தபடி கேட்டார்: "கால் போனவன் என்ன வேலை?"

"தண்ணி தூக்கிறவன். ஸ்ட்ரெச்சர் தூக்கிறவன்."

"அப்ப அவனுக்கு இப்ப வேலை?"

"இல்ல."

அவர் தோளைத் தடவினார். அந்தத் தோளோடு இரண்டு வருசம் மாத்திரையில் ஓடி, பிறகு ஒருநாள் கையைத் தூக்க முடியாமல் வீட்டுக்கு வந்தவர். தூக்குகிறவனுக்கு உடம்பு போனால் என்ன மிஞ்சும் என்று அவருக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"எழுதாதை."

"வாப்பா!" என்றான் ரிம்ஸான்.

"நீ பேசாமல் இரு. எழுதினால் அது இங்க வரும். லைசென்ஸ் குடுத்தவனுக்குப் போகும். நானும் உங்கட உம்மாவும் என்னத்துக்கு முறிஞ்சனாங்கள்? அவ மஃபின் பக்டரியில பத்து விரலும் மரக்க மரக்கப் பெட்டி ஒட்டினது இதுக்கோ? தாதிக்கு வேற வேலை கிடைக்கும். சண்டை நடக்கிற இடத்தில தாதி தேவையில்லாத ஊர் எங்க இருக்குது?"

"சம்பளம் குடுக்கிற ஊர் அது ஒண்டுதான் வாப்பா."

"அவவுக்குப் பிள்ளையள் இருக்கோ?" உம்மா படியின் மேலே நின்று கேட்டாள்.

"மூண்டு. புருசன் எங்க எண்டு தெரியாது."

உம்மா கரண்டியை மற்றக் கைக்கு மாற்றினாள். "மேல வந்து எழுது," என்றாள். "மேசையைத் துடைச்சு விடுறன். சாப்பிட்டிட்டு எழுதினால் நித்திரை கொண்டிருவாய். எழுதிப்போட்டுச் சாப்பிடு."

"ஸெய்னம்பு!" என்றார் வாப்பா.

"நீங்கள் ரைல்ஸைப் பாருங்கோ," என்றாள் உம்மா.

மேசையில் இடியப்பத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பஸ்லியா போனில் எழுதத் தொடங்கினாள். மூன்று கிழமையாக மனசுக்குள் எழுதிய கடிதத்தில் களைப்பு இருந்தது, நாற்பத்திரண்டு நோயாளி இருந்தார்கள், அறுபது காயக்காரர் இருந்தார்கள், முடியப்போகிற மயக்க மருந்து இருந்தது. ஒவ்வொரு தரமும் நீண்டுகொண்டே போய், கடைசியில் யாருடைய பிழையும் இல்லை என்று வந்து முடியும். அதனால்தான் அதை அனுப்ப முடியவில்லை. அனுப்பினால் ஹலீமாவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவளுக்கே தெரியும். இன்றைக்கு அவ்வளவும் எழுத உடம்பில் தென்பில்லை. உள்ளதை மட்டும் எழுதினாள்.

'அபக்கரின் இடது கெண்டைக்காலில் இருந்த காயத்தைத் தைத்து மூடியது நான். திறந்து விடும்படி தாதி ஹலீமா அந்த இடத்திலேயே இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. என் தையலைப் பிரிக்க அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை. அறிக்கையில் இரவுப் பணியைப் பற்றிய வரி பிழை. பிழை என்று தெரிந்துகொண்டுதான் நான் அதில் கையொப்பமிட்டேன்.'

பெயரும் பதிவு இலக்கமும் போட்டாள். அங்கே வைத்தியசாலைப் பொறுப்பாளருக்கும், ரொறொன்ரோவில் இருந்த அமைப்பின் அலுவலகத்துக்கும், ஹலீமாவுக்கும் ஒன்றாக அனுப்பினாள். பத்து நிமிசம் கூட ஆகவில்லை. ஏழு நிமிசம்.

கீழேயிருந்து சத்தம் கேட்டது.

"வாப்பா! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீங்கள்!"

ரிம்ஸான் சாப்பிட மேலே வந்த நேரத்தில் வாப்பா பவுடரைக் கரைத்து, ஒரு பக்கத்து இடைவெளி முழுக்கப் பூசிவிட்டிருந்தார். தூக்க முடியாத வலது கையால் இல்லை, இடது கையால். ரிம்ஸான் ஏசிக்கொண்டே ஒரு ஆணியால் அதைச் சுரண்டி எடுத்தான். வாப்பா ஏசிக்கொண்டே பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஏசுவதை விட்டுவிட்டுச் சுரண்டினார்கள்.

வாப்பா மேலே வந்து குசினித் தொட்டியில் கை கழுவினார். சாம்பல் நிறப் பசை நகத்துக்குள் காய்ந்து போகமாட்டேன் என்றது.

"அனுப்பிப்போட்டியோ?" என்றார் திரும்பாமல்.

"ஓம்."

"லைசென்ஸ் போகுமோ?"

"தெரியாது. விசாரிப்பாங்கள். போகாது எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறாய்," என்றார். தண்ணீரை நிறுத்தவில்லை. கழுவிக்கொண்டே நின்றார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஹலீமாவிடமிருந்து அழைப்பு வந்தது. எழுதி அனுப்பாமல் அவள் கூப்பிட்டது இதுதான் முதல் தரம். அங்கே பொழுது பட்டிருந்தது. பின்னால் ஜெனரேட்டர் இரைந்தது. பொறுப்பாளர் கடிதத்தை வாசித்துவிட்டாராம். நாளைக் கூட்டம் இல்லையாம். காலையில் வழமைபோல வேலைக்கு வரச் சொன்னாராம். நன்றி என்று ஹலீமா சொல்லவில்லை. பஸ்லியா அதை எதிர்பார்க்கவும் இல்லை.

"டொக்டர், அபக்கர் இங்கேதான் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கிறான்," என்றாள் ஹலீமா. "இப்போது அவன் படுப்பது அங்கேதான். உங்களுக்கு ஸலாம் சொல்கிறான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். நான் சொல்லமாட்டேன். அது என் வேலையில்லை. நீங்கள் சொன்னால் நான் மொழிபெயர்க்கிறேன்."

பஸ்லியாவுக்கு அப்படியே மேசையில் தலையை வைத்துப் படுக்கவேண்டும் போலிருந்தது. நாளைக்கு என்று சொல்லலாம். வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகக்கூட இருந்தது.

"சொல்," என்றாள். "அவன் காயத்தை நான் தைத்திருக்கக்கூடாது. நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. அதனால்தான் கால் போனது."

ஹலீமா அரபியில் சொன்னாள். பஸ்லியா ஸ்காபுறோப் பள்ளிவாசலில் சின்ன வயதில் ஓதப் படித்தவள். எழுத்தெல்லாம் தெரியும், பேச்சு பிடிபடாது. ஆனாலும் ஹலீமா ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை என்பது அந்தப் பேச்சின் நீளத்திலேயே தெரிந்தது. பிறகு ஜெனரேட்டர் மட்டும் இரைந்தது.

"கேட்கிறான்," என்றாள் ஹலீமா. "நீங்கள் தைக்காமல் விட்டிருந்தால் கால் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்."

ஹலீமா மொழிபெயர்த்தாள். அபக்கர் ஏதோ சுருக்கமாகச் சொன்னான்.

"இருந்திருக்கலாம் என்று அவன் கேட்கவில்லையாம். இருந்திருக்குமா என்று கேட்கிறான்."

"இருந்திருக்கும்," என்றாள் பஸ்லியா.

அவன் அழுவான், ஏசுவான், இல்லாவிட்டால் அல்லாஹ் எழுதியது என்று சொல்லி அவளை விட்டுவிடுவான் என்று நினைத்துக்கொண்டு இருந்தாள். அந்தக் கடைசியைத்தான் அவள் பயத்தோடு எதிர்பார்த்தாள். அவன் அதைச் சொல்லவில்லை. கூலி கேட்கிறவனின் குரலில், அவசரமில்லாமல், நாலைந்து சொல் சொன்னான்.

"டொக்டர் இப்போது கனடாவில்தானே என்று கேட்கிறான்."

"ஓம். கனடாவில்."

"அங்கே கால் செய்கிறார்களா என்று கேட்கிறான்."

"செய்கிறார்கள்."

"அப்படியென்றால் நீங்கள் அவனுக்கு ஒரு கால் தரவேண்டும் என்கிறான். அது தருமமாகக் கொடுக்கிற ஸதக்கா இல்லையாம், கடனாம். அப்படியே சொல்லச் சொன்னான்."

"தரவேண்டும்," என்றாள் பஸ்லியா. "ஓம், தரவேண்டும் என்று சொல்."

ஹலீமா சொன்னாளா, அதற்கு முன்னமே இணைப்பு அறுந்துவிட்டதா, தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். போகவில்லை.

கால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அளவெடுக்க ஆள் அங்கே போகவேண்டும், இல்லையென்றால் அவன் வரவேண்டும். பட்டினத்துக்குப் பாதை பூட்டி ஒரு மாதம். அவனிடம் கடவுச்சீட்டில்லை. பிறந்த திகதி எழுதிய தாள்கூட இல்லை. அளவு மட்டும் அவளுக்குத் தெரியும், அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டவள் அவள்தான்.

வாப்பா மேசைக்கு அந்தப் பக்கம் வந்து இருந்தார். உம்மா இரண்டு பேருக்கும் தட்டை இழுத்து வைத்து, ஆறிப்போன இடியப்பத்தின் மேல் சூடான கறியை ஊற்றினாள்.

"என்னவாம்?" என்றார் வாப்பா.

"அவனுக்கு ஒரு கால் குடுக்கவேணும் வாப்பா. இடது கால். முழங்காலுக்கு மேல நாலு விரல் விட்டு." அவள் இடியப்பத்தைப் பிசைந்தாள். "இன்னும் குடுக்கேல்ல."